வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி

பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், காலை வழிபாட்டின் பின் நிகழ்த்தப்பட்ட உரை



வேதவாசிப்பையும் அதையொட்டிக் கொப்பி எழுதும் பழக்கத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்று சங்கம் கேட்டபோது எங்கள் வகுப்புக்குள் முதலில் எழுந்தது சிரிப்புத்தான். நாங்கள் 1995 மார்கழியில் சாதாரண தரம் எழுதவிருந்த வகுப்பு. பக்திக்குப் பேர்பெற்ற வகுப்பு அல்ல. காலைத் தியானத்தில் தூங்கி விழுந்தவர்களின் பெயர்களை எழுதிவைத்திருந்தால் எங்கள் பெயர்களே ஒரு பக்கத்தை நிரப்பியிருக்கும். ஆனாலும் சொல்ல எங்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஆகவே இங்கே "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் அந்த வகுப்பையே குறிக்கும். எங்களில் இருவர் வைத்தியர்கள். அவர்களில் ஒருத்திதான் உங்கள் முன் நிற்கிறாள். அவள் விட்ட பிழை ஒன்றும் இந்தப் பேச்சில் வரும். அதையும் "நாங்கள்" என்றே சொல்லிக்கொள்ளும்படி எங்கள் வகுப்பு பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இந்த மண்டபத்தில் சைவ வீடுகளிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்கள் வகுப்பிலும் அப்படித்தான். வீட்டில் தேவாரம் பாடிவிட்டு இங்கே வந்து ஞானப்பாட்டுக்கும் குரல் கொடுத்த பிள்ளைகள் அவர்கள். ஆறுமுக நாவலரே இளவயதில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அந்தத் திருப்புதல் 1850 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் வேதத்தின் தமிழ் ஒரு வீட்டாருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. நீங்கள் வாசிப்பது எதுவாயினும் கொப்பியைப் பற்றி நாங்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம்.

விடுதியில் காலை ஐந்தேகாலுக்கு மணி அடிக்கும். முகம் கழுவியதும் இருபது நிமிடம் அமைதி வேளை. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம் அது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த விளக்கைச் சுற்றி நாலைந்து பேர். ஒரு விளக்குக்கு ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு ஆளுக்கொரு கொப்பியில் எழுத வேண்டும். கொப்பி கிடைப்பதே அரிது. அண்ணன்மாரின் பழைய கணக்குக் கொப்பிகளில் எஞ்சிய தாள்களைக் கிழித்து ஊசிநூலால் தைத்து வைத்திருந்தோம்.

பழக்கத்தை எங்களுக்குள் போட்டது அந்த மணிதான். அதை மறுக்க முடியாது. முப்பது வருடம் கழித்தும் விடியப்புறம் ஐந்தேகாலுக்கு எங்களில் பலருக்குக் கண் தானாக விழிக்கிறது. நன்றியோடு சொல்கிறோம்.

ஆனால் சனிக்கிழமை மாலையில் அந்தக் கொப்பிகள் சேர்க்கப்படும். பொறுப்பாயிருந்தவர் வாசித்து, சிவப்பு மையில் சரி போட்டு, சிலவேளை ஒரு வரி எழுதித் திருப்பித் தருவார். நல்ல எண்ணத்தோடுதான். செல் அடிக்கும் இரவுகளில் அத்தனை பெண்பிள்ளைகளையும் பங்கருக்குள் இறக்கி, எண்ணிப் பார்த்து, மறுபடி எண்ணிப் பார்த்து உயிரோடு காப்பாற்றியவர் அவர். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது. நடந்ததைத்தான் சொல்கிறோம். சிவப்பு மைக்காக எழுதப் பழகிவிட்டோம். "இன்று முதல் பொறுமையாயிருப்பேன்." "பிறரை மன்னிக்கக் கற்றுக்கொண்டேன்." வாசித்த பகுதி எதுவானாலும் முடிவு இதுதான். எங்களில் ஒருத்தி வெள்ளிக்கிழமை இரவில் ஐந்து நாளுக்குரியதையும் ஒரேயடியாக எழுதுவாள். ஐந்து நாளில் எழுதியதுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக ஒருநாளுக்குப் பேனை, ஒருநாளுக்குப் பென்சில், ஒருநாளுக்குச் சாய்ந்த எழுத்து. பின்னாளில் அவள் கணக்காய்வாளராகப் போனதில் எங்களுக்கு ஆச்சரியமே இல்லை.

ஒரேயொரு பிள்ளை ஒரேயொரு முறை வேறுவிதமாக எழுதினாள். அவளுடைய அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஆறு மாதம். ஒரு செய்தியும் இல்லை. "வாசிக்க விருப்பமில்லை, வாசித்தும் ஒன்றும் விளங்கவில்லை" என்று எழுதிவிட்டாள். கொப்பி திரும்பி வந்தபோது பக்கத்தில் சிவப்பு மையில், ஜெபத்தில் உறுதியாய் இருக்கும்படி ஒரு வரி இருந்தது. அதில் பிழையான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவளும் எங்களைப் போலப் பொறுமையையும் மன்னிப்பையும் எழுதத் தொடங்கினாள். இந்தப் பிள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1995 ஒக்ரோபர் 30 பற்றி இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ பேர். நாங்கள் அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது விடுதி அலுமாரிகள் திறந்து கிடந்தன. கொப்பிகள் ஒன்றுமில்லை. அப்போது எரேமியாவின் 36ஆம் அதிகாரத்தை நாங்கள் கவனித்து வாசித்திருக்கவில்லை. தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா குளிர்காய்ந்துகொண்டே கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். இருவரும் இன்னொரு சுருளை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறார்கள். முன்பு இல்லாதவையும் அதில் சேர்கின்றன. இதை இப்போது வாசிக்கையில் எங்களுக்குப் படுவது ஒன்றுதான். அந்தச் சுருள் எரிந்தது இழப்பு. எங்கள் கொப்பிகள் தொலைந்ததை இழப்பென்று சொல்ல முடியவில்லை. அவற்றில் எங்களைப் பற்றி எதுவுமே இருக்கவில்லை.

அதன் பின் நீண்ட இடைவெளி. சிலருக்குப் பத்து வருடம், சிலருக்குப் பதினெட்டு. விசுவாசத்தை இழந்து விலகியவர்கள் ஓரிருவர். மற்றவர்களுக்கு நடந்தது மிகவும் சாதாரணமான விஷயம். பல்கலைக்கழகம், இரவுக் கடமை, கலியாணம், பால்குடிப் பிள்ளை, விமானச் சீட்டு, புது நாட்டில் இரண்டு வேலை. மணி அடிக்க ஆளில்லை, பழக்கமும் போய்விட்டது. இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குத் திரும்பிப்போக வெட்கம். வருடப் பிறப்பு ஆராதனையில் உற்சாகம் வரும். இந்த வருடம் முழு வேதாகமத்தையும் முடிப்பது என்று தீர்மானம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமத்தின் பின்பாதியில் கூடாரத்தின் அளவுகளில் கால் தடுக்கும். ஜனவரி முடியும்போது லேவியராகமம் வந்துவிடும். அங்கே எங்களில் எத்தனையோ பேர் வருடா வருடம் அடக்கமாகியிருக்கிறோம்.

திரும்பத் தொடங்கியது 2020 இல். பங்குனியில் ஊரடங்கு வந்தது. உயிர்த்த ஞாயிறுக்குக் கோயில்கள் பூட்டியிருந்தன. எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் அதுவரை பிறந்தநாள் கேக்கும் சேலையும்தான் வரும். மெல்பேர்ணில் இருப்பவள், "எல்லாரும் வீட்டுக்குள்ளைதானே, விடுதி மாதிரி ஒண்டாய் வாசிப்பமே?" என்று கேட்டாள். பதினேழு பேர் சேர்ந்தோம். அதில் மூவர் சைவப் பிள்ளைகள். சும்மா எங்களோடு இருக்க வந்தவர்கள்.

இந்தமுறை லேவியராகமத்தின் பக்கம் போகவில்லை. மாற்குவில் தொடங்கினோம். பதினாறே அதிகாரம், எல்லாம் வேகமாக நடக்கும். நாளுக்கு அரை அதிகாரம். பிறகு சங்கீதங்கள், நாளுக்கு ஒன்று. 119ஆம் சங்கீதத்துக்கு மட்டும் 176 வசனங்கள். அதைப் பிரித்துப் பிரித்து எட்டு நாள் எடுத்தோம். 117 இல் இரண்டே வசனம். அன்றைக்கு வைத்தியசாலை நுழைவாயிலில் காய்ச்சல் பார்க்க நிற்கும் நேரத்துக்குள் வாசிப்பு முடிந்துவிட்டது.

வைத்தியர்களாகிய எங்களிடம், ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் செல்லும் என்று பலர் கேட்பார்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் சிறிய ஓட்டம், இப்படியான சின்னச் சின்ன விஷயங்கள். தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்படும் என்று கணித்தார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறொரு முடிவு. இடையில் ஒருநாள் விட்டுப்போனால் அது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. விடுதியில் ஒருநாள் தவறினால் பாவம் செய்ததுபோல் திரிந்த எங்களுக்கு இது நல்ல செய்தியாக இருந்தது.

அந்த ஆராய்ச்சியில் எல்லோரும் புதிய செயலை ஏற்கெனவே அன்றாடம் செய்யும் ஒன்றோடு முடிந்துவைத்தார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். கடிகாரத்தோடு முடிந்துவைத்தவர்கள் தோற்றார்கள். தேத்தண்ணியோடு முடிந்துவைத்தவர்கள் நிலைத்தார்கள். இரவுக் கடமைக்குப் போகிறவளுக்கு ஐந்தேகால் மணி என்று ஒன்று இல்லை. ஆனால் கடமை முடிந்து வந்து குடிக்கும் முதல் தேத்தண்ணி எந்த நாளிலும் உண்டு. கேத்தில் பக்கத்தில் வேதப்புத்தகம், அதன் மேல் ஒரு சீ.ஆர். கொப்பி, அதற்குள் பென்சில். மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பென்சில் தேட எழும்பியவள் அன்றைக்குத் திரும்பி வந்து அமர்ந்ததாக எங்கள் குழுவின் சரித்திரத்திலேயே இல்லை. கைத்தொலைபேசியில் வாசிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வாசிக்கலாம். ஆனால் வேதத்தைத் திறக்க எடுத்த தொலைபேசியில் மருமகளின் வளைகாப்புப் படத்துக்கு விருப்பக்குறி போட்டுவிட்டு வைத்த நாட்கள் எங்களுக்கு நிறைய உண்டு.

எந்தத் திருப்புதல் என்பதில் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. எங்கள் காதுக்குப் பழகியது 1871 இல் வந்த பவரின் திருப்புதல். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அது கரடுமுரடு. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் அவர்களுக்குக் கொஞ்சம் இலகு. லண்டனில் ஒருத்தி தன் மகனோடு ஆங்கிலமும் தமிழுமாக வசனத்துக்கு வசனம் வாசிக்கிறாள். நாளுக்கு ஆறு வசனம்தான் நகர்கிறது. அவளுக்கு அதைவிட வேகம் தேவையில்லை.

கொப்பியில் என்ன எழுதுவது? முதலில் திகதி. பிறகு அன்றைக்கு மனதில் ஒட்டிய ஒரு சொற்றொடர், கையால் பார்த்து எழுதியது. கை எழுதும்போது கண் தாண்டிப்போன சொற்கள் தென்படும். அதன் கீழே எங்களுடைய ஒரு வசனம். விட்டுப்போன நாட்களுக்கு ஒன்றும் எழுதுவதில்லை, பின்னால் போய் நிரப்புவதும் இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்து பேனைகளின் காலம் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

குழுவில் தினமும் வாசித்ததும் ஒரு வரி அனுப்புவது என்று வைத்திருந்தோம். ஆரம்பத்தில் எல்லோரும் அனுப்பினார்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில் பாதியாகக் குறைந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல் அனுப்பியவள் ரொறன்ரோவில் இருப்பவள் மட்டும்தான். வசனம், அதன் கீழே அழகான ஒரு சிந்தனை, கடைசியில் ஆமென். நாங்கள் அவளைப் போற்றினோம். சோம்பலாயிருந்தவர்களுக்கு அவளைக் காட்டினோம். "அவளைப் பாருங்கோ, இரண்டு பிள்ளையள், தாதிமை இல்லத்திலை வேலை, ஒருநாளும் விடுறேல்லை" என்று.

அவளுடைய செய்தி பகல் ஒன்றே முக்காலை ஒட்டி வரும். வைத்தியசாலையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் நேரம். மாதக்கணக்காக அதைச் சாப்பாட்டு மணிபோலவே பழகியிருந்தோம். 2021 தை மாதத்தில் ஒருநாள், எங்கள் வைத்தியரின் மகள் நேர வலயங்களைப் பற்றிப் பாடசாலைக் கணக்கு ஒன்றைச் செய்துகொண்டிருந்தவள் தாயின் தொலைபேசியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, கனடாவிலை இப்ப எத்தினை மணி?" குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். விடிகாலை மூன்றேகால்.

சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்து, குழுவில் பின்னால் போய்ப் பார்த்தோம். மூன்று பத்து. மூன்று இருபது. இரண்டு ஐம்பது. ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு நாளும்.

நோயாளி வந்து உட்கார்ந்தால் நாங்கள் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, "நித்திரை எப்படி?" விடியுமுன்னே விழிப்பு வந்து, பிறகு நித்திரை வராமல் கிடப்பது மனச்சோர்வு நோயின் பிரதானமான அறிகுறிகளில் ஒன்று. மருத்துவ பீடத்தில் இதைப் படித்து, பரீட்சையில் எழுதி, பதினைந்து வருடமாக நோயாளர்களிடம் கேட்டவர்கள் நாங்கள். ஐந்து வயதிலிருந்து தெரிந்த ஒருத்தியிடம் கேட்கவில்லை. அதிகாலையில் எழுந்து தேடுகிறாள் என்று பாராட்டினோம்.

அன்று இரவே அழைத்தோம். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்:

"மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும். பிறகு நித்திரை இல்லை. இருட்டுக்குள்ளை சும்மா கிடக்கப் பயமாக் கிடக்கும். அதுதான் எழும்பி வாசிக்கிறனான். கண் வாசிக்கும், ஒண்டும் உள்ளுக்குப் போறேல்லை. உங்களுக்கு எழுதினதெல்லாம் விடுதிக் கொப்பிக்கு எழுதினது மாதிரித்தானடி."

தொற்றுக்காலத்தில் அவள் வேலை செய்த இடத்தில் அவள் பராமரித்த முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்திருந்தார்கள். வைத்தியரிடம் போனாயா என்று கேட்டோம். "இதுக்கு என்னெண்டு டொக்டரிட்டைப் போறது? விசுவாசம் காணாது எண்டு நினைப்பினம்" என்றாள். அவளுக்கு அப்படி நினைக்கக் கற்றுக்கொடுத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. சோர்வாயிருக்கிறது என்று குழுவில் முன்பு ஒருத்தி எழுதியபோது நாங்கள் எல்லோரும் அனுப்பியவை வசனங்கள். ஒருத்திகூடத் தொலைபேசி எடுக்கவில்லை.

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அண்ணனுக்காக அந்த ஒரு வரியை எழுதியவள் அவள்தான்.

அவள் தன் குடும்ப வைத்தியரிடம் போனாள். மருந்தும் உளவள ஆலோசனையும் தொடங்கின. ஒரு வாரத்தில் சுகமாகவில்லை, மாதங்கள் எடுத்தன. இன்று நலமாக இருக்கிறாள். இந்தக் கதையை இங்கே சொல்லும்படி கேட்டதும் அவள்தான். பெயரை மட்டும் விடச் சொன்னாள்.

அவள் சுகமாகிவந்த நாட்களில் நாங்கள் இருவர் இருவராகப் பிரிந்து வாசித்தோம். அவளுக்குக் கணக்காய்வாளர் துணை. முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் வந்தது. எலியா வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் இருந்து தன் உயிரை எடுத்துவிடும்படி கேட்கிற இடம். வைத்தியர் கண்ணால் அதை அன்றுதான் வாசித்தோம். தூதன் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. தொட்டு எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான், தண்ணீர் கொடுக்கிறான், மறுபடி படுக்க விடுகிறான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பாடு. உனக்கு என்ன வேலை இங்கே என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் வருகிறது. நாங்கள் அந்தக் கேள்வியை முதல்நாளே கேட்கும் ஆட்கள்.

88ஆம் சங்கீதத்தை அவளே குழுவுக்குக் கொண்டுவந்தாள். முறையிடும் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. "இதுக்கு ஆரும் சிவப்புப் பேனையாலை ஒண்டும் எழுதேல்லைப் பாத்தியளே, அப்பிடியே விட்டிருக்கினம்" என்றாள். அன்றைக்கு எல்லோருடைய கொப்பியிலும் முதன்முறையாக உண்மை எழுதப்பட்டது என்று நினைக்கிறோம். ஒருத்தி கணவனைப் பற்றி எழுதினாள். ஒருத்தி தாயைப் பராமரிப்பதில் வரும் கோபத்தை எழுதினாள். அவற்றை நாங்கள் பார்க்கவில்லை. எழுதினார்கள் என்பது மட்டும் தெரியும்.

எழுதுவதற்கு மருத்துவப் பலன் உண்டா என்றும் கேட்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை வருத்திய சம்பவங்களை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் பின்வந்த மாதங்களில், நடந்ததையும் அதனால் வந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் சுகாதார நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். பின்பு வந்த பல ஆய்வுகளில் பலன் கொஞ்சம் என்றுதான் தெரிகிறது. எல்லோருக்கும் ஒரேமாதிரியும் இல்லை. ஆகவே கொப்பியை மருந்தென்று நாங்கள் எழுதிக்கொடுக்க மாட்டோம். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் பசியும் கெட்டு, பிடித்ததிலும் பிடிப்பில்லாமல் போய், இருந்து என்ன பயன் என்ற எண்ணமும் வருகிறதென்றால் கொப்பியை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தேசிய மனநல உதவிச்சேவை. போய்வந்த பிறகு கொப்பியைத் திறக்கலாம். அது அங்கேயே கேத்திலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இன்றைய விடுதிப் பிள்ளைகள் பின்வரிசையில் நிற்கிறீர்கள். விடுதியில் இப்போதும் அமைதி வேளை உண்டென்று அறிந்து சந்தோஷப்பட்டோம். கொப்பிகளை இப்போது யாரும் சேர்ப்பதில்லை என்று விடுதிப் பொறுப்பாசிரியை நேற்றுச் சொன்னார். அதைக் கேட்டு இன்னும் சந்தோஷப்பட்டோம். நூற்றாண்டு அன்பளிப்பாக எங்கள் வகுப்பு உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீ.ஆர். கொப்பியும் இரண்டு பென்சிலும் கொண்டுவந்திருக்கிறது. முன்பக்கத்தில் பாடசாலைச் சின்னம் அடிக்கலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றோம். உங்கள் பெயரையும் நாங்கள் எழுதவில்லை.

எங்கள் குழுவிலும் முறை மாறிவிட்டது. வசனமும் சிந்தனையும் அனுப்புவதில்லை. வாசித்தவள் "வாசித்தேன்" என்று எழுதுகிறாள், வாசிக்காதவள் "இல்லை" என்கிறாள். எவளாவது மூன்று நாள் ஒன்றும் எழுதாவிட்டால் அவளுடைய துணை அவளை அழைக்க வேண்டும். வசனம் சொல்ல அல்ல, நித்திரை எப்படி என்று கேட்க. பதினேழு பேரில் இன்று பதின்மூவர் தொடர்கிறோம். லேவியராகமத்தை இரண்டு பேர் முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு விருந்து வைப்பதாக ஒரு கடன் நிலுவையில் இருக்கிறது.

நேற்று இந்த மண்டபத்தில் கதிரைகளை ஒழுங்குபடுத்தி முடித்து வெளிவாசலில் நின்றோம். பின்னேரம் ஆறரை கழிந்து இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அங்கே காலை எட்டு மணி. தொலைபேசி ஒலித்தது. அவளுடைய செய்திதான்.

"இண்டைக்கு இல்லை. நித்திரை கொண்டிட்டன்."